கட்டைவிரல் காட்டும் குடும்பம்

மார்ச் 4, செவ்வாய்

அக்கா வந்தா. அப்பா பக்கத்துல உட்காருவான்னு பாத்தா அலமாரி பக்கத்துல உட்கார்ந்தா. டாக்டர் சீட்டு, ரத்தம் பாத்த பேப்பர், மருந்துக்கடை ரசீது, நான் காலண்டர் தாளுக்குப் பின்னாடி "இன்னைக்கு நல்லாச் சாப்பிட்டார்"னு கிறுக்கி வச்சது — எல்லாத்தையும் போன்ல படம் பிடிச்சா. பிடிச்சுட்டுச் சுக்குநூறாக் கிழிச்சுக் குப்பையில போட்டா.

"இனிமே இந்த வீட்ல பேப்பரே கிடையாதுடா. எல்லாம் போன்லயே."

"அப்ப அப்பாவையும் ஒரு படம் பிடிச்சு எடுத்துட்டுப் போயேன்க்கா. இடம் காலியாகும்."

முறைச்சா. அப்பா சிரிச்சார். வாதம் வந்ததுலேர்ந்து வாய் ஒரு பக்கமாத்தான் சிரிக்குது. ஆனா சிரிச்சார். அவ கிளம்பும்போது மட்டும் கையைப் பிடிச்சுக்கிட்டு "இரு"ன்னார். "அடுத்த மாசம் வரேன்ப்பா"ன்னு விரல் விரலாப் பிரிச்சு எடுத்துக்கிட்டுப் போயிட்டா.

மார்ச் 5, புதன்

என் போன்ல ஒரு ஆப் போட்டுட்டுப் போயிருக்கா. சாப்பாடு, மாத்திரை, நடை, தூக்கம், ஒன்னுக்கு, ரெண்டுக்கு, ஒவ்வொன்னுக்கும் ஒரு கட்டம். நடக்க நடக்க நான் அமுக்கணும். ராத்திரி அதுவே எல்லாத்தையும் கோத்து எங்க குரூப்புக்கு அனுப்பிடும். குரூப்புல அக்கா, நான், தங்கச்சி.

முதல் நாளே அப்பா வெளிக்குப் போன சேதி ஊர் தாண்டிப் போச்சு. அக்கா கட்டைவிரல் காட்டுறா. தங்கச்சி கை தட்டுறா. நாலாங்கிளாஸ் நான் பாஸானப்பகூட யாரும் இப்படித் தட்டல. தட்டியிருந்தா அதோட படிப்பை நிறுத்தியிருக்க மாட்டேனோ என்னவோ.

மார்ச் 9, ஞாயிறு

அப்பாவைத் துடைக்கிறேன், துணி அலசுறேன். ஒருநாளும் எனக்குக் குமட்டினதில்ல. அந்தக் கட்டைவிரலைப் பாத்தா குமட்டுது. சே! மஞ்சளா, கொழுகொழுன்னு, நகம்கூட இல்லாம.

"அவ எப்ப வருவா?" அப்பா தினமும் இதைத்தான் கேக்கிறார்.

"வருவாப்பா. இப்போதைக்கு விரல் மட்டும் வந்திருக்கு."

இதுக்குச் சிரிக்கல.

மார்ச் 13, வியாழன்

அக்கா போன்ல கத்தினா. "நேத்து மத்தியானம் கட்டம் காலியா இருக்கு. அப்பா சாப்பிட்டாரா இல்லையா?"

"ஒரு கையில தட்டு, ஒரு கையில அவர் தலை. எதால அமுக்கட்டும், மூக்காலயா?"

"சரி சரி, மாத்தி வைக்கிறேன். இனி நீ மறந்தாலும் அதுவே பாத்துக்கும்."

அதுவே பாத்துக்குமாம். எப்படிப் பாக்கும்? கேக்கல. பொழுதன்னைக்கும் சலவைக்கடையில இஸ்திரிப்பெட்டியோட மல்லுக்கட்டுறவன், நடுநடுவுல வீட்டுக்கு ஓடி வரவன், எனக்கு ஒரு வேலை மிச்சம்னு விட்டுட்டேன். இந்தக் காலத்துப் போனுக்குக் கண்ணு காது எல்லாம்தான் இருக்கே, பாக்கட்டும்.

மார்ச் 19, புதன்

காலையில கஞ்சி புரையேறிச்சு. சாயங்காலம் நெருப்பாக் கொதிக்குது உடம்பு, மூச்சு இழுக்குது. முதலாளி வண்டியில போட்டு ஆஸ்பத்திரிக்கு வந்துட்டோம். அக்காவைக் கூப்பிட்டேன். கட் பண்ணிட்டா. பின்னாடியே சேதி: "மீட்டிங். ஆப்ல போடு."

எதைப் போட? மூச்சு இழுக்கிறதுக்குக் கட்டமே இல்லையே. விட்டுட்டேன். அதான் அதுவே பாத்துக்குமே.

மார்ச் 20, வியாழன்

நெஞ்சுல சளியாம். மூக்கையும் வாயையும் மூடி ஆக்ஸிஜன். டாக்டரம்மா கேட்டாங்க, "வீட்ல எல்லாருக்கும் சொல்லிட்டீங்களா?" அவங்க கேட்ட தினுசே சரியில்ல.

"தெரியும்மா"ன்னேன். அக்கா இந்நேரம் கிளம்பியிருப்பா. அந்த மூடிக்குள்ள அப்பா அவளைத்தான் முனகுறார்.

மார்ச் 21, வெள்ளி

வரல. தெரிஞ்சும் வராதவளை நான் எதுக்குத் திரும்பக் கூப்பிடணும்? மாட்டேன்.

மார்ச் 22, சனி

 இதை எழுதியே ஆகணும்.

குரூப்பைத் திறந்தா கட்டைவிரல்! அப்பா மூச்சுக்கு அல்லாடுறார், கட்டைவிரல் காட்டுறா! சின்னவ கை தட்டுறா! த்தூ. இதெல்லாம் ஒரு ஜென்மமா? போனையே அலம்பணும் போல இருந்துச்சு.

அப்புறம்தான் விரலுக்கு மேல இருந்ததைப் பாத்தேன். முதல் தரமா முழுசாப் படிச்சேன். "இன்று அப்பா — சாப்பாடு: மூன்று வேளை. நடை: வாசல் வரை. தூக்கம்: நன்று."

நேத்தும் அதேதான். முந்தாநேத்தும் அதேதான்.

நர்ஸம்மாகிட்ட காட்டினேன். "நீங்க எதுவும் போடலைன்னா பழைய நாள்ல இருந்ததையே எடுத்துப் போட்டுக்கும் அண்ணே. அப்படித்தான் வச்சிருக்காங்க"ன்னாங்க.

கண்ணும் இல்ல, காதும் இல்ல. புளுக மட்டும் தெரிஞ்சிருக்கு. அப்பா இங்க குழாயோட கிடக்கார். அங்க பூட்டின வீட்ல இன்னொரு அப்பா எழுந்து, மூணு வேளையும் தின்னுட்டு, வாசல் வரைக்கும் உலாத்திட்டு வந்து நல்லாத் தூங்கியிருக்கார்.

கூப்பிட்டேன். அக்கா எடுத்தா.

"உங்கப்பா எப்படி இருக்கார்?"

"என்னடா கேள்வி? நேத்துகூட வாசல் வரைக்கும்..."

"ஆஸ்பத்திரிக்கு வாடி! கிடக்கிறாரு, வந்து பாரு!"

அக்காவை வாடின்னு சொன்னது பிறந்ததுலேர்ந்து இதுதான் முதல் தரம்.

மார்ச் 23, ஞாயிறு

தலைகூடச் சீவாம ஓடி வந்தா. அப்பா கண்ணைத் திறந்து பாத்தார், கையைப் பிடிச்சார், தூங்கிட்டார்.

வராந்தாவுல சண்டை. "ஏண்டா திரும்பக் கூப்பிடல?"

"உனக்குத் தெரியும்னு நினைச்சேன்."

"நான் அவர் நல்லா இருக்கார்னு நினைச்சேன்டா."

அவமேல இருந்த அருவருப்புல பாதி அங்கேயே என் பக்கம் திரும்பிடுச்சு. இன்னொரு தரம் கூப்பிட எனக்கென்ன கை முறிஞ்சா போச்சு? ரோஷம். அங்க ஒரு உயிர் இழுத்துக்கிட்டுக் கிடக்கு, எனக்கு ரோஷம்.

சாயங்காலம் அப்பா படுக்கையிலயே வெளிக்குப் போயிட்டார். நான் எழுந்தேன். "நீ உட்காரு"ன்னா. ஒருதரம் ஓங்கரிச்சு வெளியே ஓடினா. திரும்பி வந்து முந்தானையை மூக்குல கட்டிக்கிட்டுத் துடைச்சா. முன்னேயும் பின்னேயும் தெரியாம துடைச்சா. தண்ணியெல்லாம் என் கால்ல.

கட்டைவிரல் காட்டலாம்னு எனக்குக் கை துடிச்சுது. அடக்கிக்கிட்டேன்.

ஏப்ரல் 2, புதன்

வீட்டுக்கு வந்துட்டோம். இனி நடக்கமாட்டார்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. அக்கா லீவு போட்டுட்டா. குரூப்புல இப்ப ராத்திரி சேதி வரதில்ல. தங்கச்சி பதறிப்போய்ப் போன்லயே கூப்பிடுறா. அப்பா காதுல வச்சா "ம்... ம்"னு கதை கேக்கிறார்.

அக்கா தலையணை வைக்கிறதைப் பாத்தா எனக்கே கழுத்து வலிக்குது. வாயை மூடிக்கிட்டு இருக்கேன். அப்பா ஏன் புகார் சொல்லலைன்னுதான் புரியல.

ஏப்ரல் 10, வியாழன்

இன்னைக்குக் கடைக்கு நேரத்துக்குப் போனேன். ஓடி வராம, நடந்து.

முதலாளி வழக்கம்போல, "என்னப்பா, அப்பா சாப்பிட்டாரா?"ன்னார்.

"தெரியலையே முதலாளி"ன்னேன். "எங்க அக்காவைத்தான் கேக்கணும்."