கடைவீதியில் ஒரே ஒரு கல்லை மட்டும் அகற்றச் சொல்லும் நோட்டீஸ் குறித்து

அனுப்புநர்:
ரா. சரவணமுத்து,
முன்னாள் தாலூகா ஆபீஸ் குமாஸ்தா,
41, தெற்குக் கடைவீதி,
மருதம்பேட்டை, சேலம் ஜில்லா.

பெறுநர்:
மகாராஜராஜஸ்ரீ சேர்மன் அவர்கள்,
மருதம்பேட்டை முனிசிபாலிடி (வீட்டு விலாசத்துக்கு).

விஷயம்: தெற்குக் கடைவீதி ஓரநடை ஆக்கிரமிப்பு – சுமைதாங்கிக் கல்லை அகற்றச் சொல்லும் 10-9-36 தேதி நோட்டீஸை நிறுத்திவைக்கக் கோருதல்.

கனம் பொருந்திய ஐயா,

இதே விஷயமாக முன்பு மூன்று மனுக்கள் ஆபீஸில் கொடுத்தேன். அவை தங்கள் மேஜைக்கு வந்தனவா என்று எனக்குத் தெரியாது. ஆகையால் இந்த நான்காவதைத் தங்கள் வீட்டு விலாசத்துக்கே ரிஜிஸ்தர் தபாலில் அனுப்புகிறேன். நகல் என்னிடம் இருக்கிறது.

1. சாக்கடையை மூடியிருக்கும் பலகைக் கற்களே எங்கள் வீதியில் ஜனங்கள் நடக்கும் ஓரநடை. இன்று அதில் நடக்க இடமில்லை. மேல்புறம் முழுவதும் வீரபாகு மண்டியின் மிளகாய் மூட்டைகளும் மண்ணெண்ணெய் டின்களும். செவ்வாய்ப்பேட்டையிலிருந்து சரக்கு கொண்டுவந்த வண்டிகளை அவிழ்த்து விடுவதும் அங்கேதான். கீழ்புறம் மோகனூர் வெல்ல மூட்டைகள், தட்டிப் பந்தல்கள். பந்தல் கால் நடுவதற்குப் பெயர்த்த ஆறு கற்கள் திரும்ப வைக்கப்படவில்லை; குழிகளின்மேல் சாக்கு விரித்திருக்கிறார்கள். குழந்தைகளும் கிழவர்களும் வண்டிச் சக்கரங்களுக்கு நடுவே நடக்கிறார்கள்.

2. மூன்றாவது மனுவின் பேரில் ஆகஸ்டு 28ஆம் தேதி ஓவர்சியர் தங்கசாமி பார்வையிட வந்தார். அவர் வருவதற்கு அரைமணி முன்பாகவே மூட்டைகள் அனைத்தும் மண்டிக்குள் போய்விட்டன. பந்தல்களைப் பிரித்துவிட்டார்கள். வண்டிகள் ஆற்றங்கரைக்குப் போய்விட்டன. பார்வை தேதி ஆபீஸுக்கு வெளியே ஒருவருக்கும் தெரியாது. 1931இல் தங்கள் ஆபீஸ் ஹெட் கிளார்க் வேலைக்கு நானும் விண்ணப்பித்தேன். அது வீரபாகுவின் மருமகனுக்குக் கிடைத்தது. பொறாமையால் இதைச் சொல்லவில்லை. ஆபீஸ் சேதி மண்டிக்கு எந்த வழியாகப் போகிறது என்பதைக் காட்டவே சொல்கிறேன்.

3. ஓவர்சியர் மண்டியில் உட்கார்ந்து கலர் சோடா குடித்தார். பிறகு டேப்பை எடுத்து, வீதியில் மிச்சமிருந்த ஒரே பொருளை அளந்தார். என் வீட்டெதிரே நிற்கும் சுமைதாங்கிக் கல் அது. நான் ஆட்சேபித்தபோது, "ஊர்ச் சாமானத்தை அப்புறம் பாக்கலாமுங்க. மொதல்ல உங்க கல்லை எடுங்க. நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க?" என்றார். வீரபாகு கல்லாவில் இருந்தபடியே, "குமாஸ்தா எழுதுனா எழுத்துத் தப்பாதுங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

4. அவர்கள் சிரித்ததில் பொய்யில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். மூன்றாவது மனுவில், "ஓரநடையிலுள்ள சகல பொருள்களையும், எவருடையதாயினும் விலக்கின்றி அகற்ற வேண்டும்" என்று எழுதியவன் நானே. நோட்டீஸில் அந்த வாக்கியத்தை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள். அதன்கீழ், அகற்றவேண்டிய பொருள்களின் ஜாபிதாவில் ஒரே வரி: "கல் – ஒன்று."

5. அந்தக் கல் என் மகள் கமலவேணிக்காக வைத்தது. 1927இல், கர்ப்பத்தின் ஏழாம் மாதத்தில், வயிற்றுப் பிள்ளையோடு இறந்தாள். அப்படிப் போகிறவள் சுமையோடு போகிறாள், வழிநடப்போர் சுமை இறக்க ஒரு கல் நட்டால் அவள் சுமையும் இறங்கும் என்று நம்மவர்கள் செய்கிற வழக்கப்படி, இரண்டு கால் கல்லும் மேலே ஒரு குறுக்குக் கல்லுமாக நட்டோம். அப்போதைய சேர்மன் வாயால் அனுமதித்தார். எழுத்தில் வாங்கவில்லை. இருபது வருஷம் பிறருக்கு நகல் எழுதிக் கொடுத்தவன், அன்று ஒரு வரி வாங்கிக்கொள்ள மறந்தேன்.

6. அது வீதிக்கு இடைஞ்சல் என்பவர்கள் செவ்வாய்ச் சந்தையன்று வந்து பார்க்கட்டும். வெண்ணந்தூரிலிருந்து நூல் மூட்டை சுமந்து வரும் பெண்கள் அதில்தான் இறக்கி மூச்சு வாங்குகிறார்கள். அவர்களில் ஆத்தாயி என்பவள், "எறக்கி வெக்க ஒரு ஆளு, தூக்கியுட ஒரு ஆளு தேடோணுமுங்க சாமி. இந்தப் புள்ள ரண்டும் செய்யுது" என்றாள். அவளைச் சாட்சியாக அழைக்கலாம்.

7. ஆகையால், 21ஆம் தேதியோடு முடியும் நோட்டீஸை நிறுத்திவைத்து, ஒரு செவ்வாய்க்கிழமை தாங்களே வீதியைப் பார்வையிட வேண்டும். அந்தத் தேதியை ஓவர்சியரிடமோ ஹெட் கிளார்க்கிடமோ சொல்ல வேண்டாம். வீரபாகு வீட்டுக் கலியாணத்தில் தாங்கள் முன்வரிசையில் இருந்ததை மரியாதை நிமித்தம் என்றே எடுத்துக்கொண்டிருக்கிறேன். மூட்டை, வண்டி, பந்தல் எல்லாம் போன மறுநாள் அந்தக் கல்லையும் அகற்றத்தான் வேண்டுமென்றால், என் கையாலேயே பெயர்த்துக்கொள்கிறேன். அதற்குமுன் யாரும் தொடவேண்டாம்.

நோட்டீஸ் வந்த நாள் முதல் என் மனைவி ராமாத்தாள் என்னோடு பேசுவதில்லை. 21ஆம் தேதி விடிந்ததும் ஒரு நூல் மூட்டையைக் கல்லின்மேல் ஏற்றி வைத்துப் பக்கத்தில் நிற்கப்போவதாகப் பக்கத்து வீட்டாரிடம் சொல்லியிருக்கிறாள். சுமை இருக்கும் கல்லில் தங்கள் ஆட்கள் கடப்பாரை போடமாட்டார்கள் என்று நம்புகிறாள். நான் அவளைத் தடுக்கப் போவதில்லை. என் மனுக்களைவிட அவளுடையது தங்கள் கண்ணில் படும் என்று எண்ணுகிறேன்.

மருதம்பேட்டை,
14-9-1936.

இப்படிக்கு,
தங்கள் உத்தரவை எதிர்பார்க்கும்,
ரா. சரவணமுத்து