அம்மாவின் கன்னத்தில் ஒரு புள்ளி

குஷிகினோ
3 அக்டோபர் 1999

அன்புள்ள அப்பாவுக்கு,

எனக்கும் சித்திக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்கள் முட்டிவலி தேவலையா? கப்பலைப் பழுதுபார்க்க விட்டிருப்பதால் புத்தாண்டுவரை யாயிசுவில் கரையில்தான் இருப்பீர்கள் என்று கப்பல் அலுவலகத்தில் சொன்னார்கள். போன் நம்பரும் கொடுத்தார்கள். போனில் எனக்குப் பேச்சு வராது, அதனால் எழுதுகிறேன்.

நவம்பர் 21 ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் பதின்மூன்றாம் ஆண்டு நினைவு நாள். கோயிலில் சொல்லியாகிவிட்டது. நீங்கள் வர வேண்டும். தன் அக்காவின் நினைவு நாள்தான் என்றாலும் சித்தி உங்களைக் கூப்பிடவில்லை, நான்தான் கூப்பிடுகிறேன்.

இன்னொன்று. வீட்டு மாடத்தில் இருப்பது அம்மா பள்ளிக்கூடத்தில் படித்தபோது எடுத்த படம். அதில் அம்மாவுக்கு என் வயது. கும்பிடும்போது அம்மா என்றே தோன்றுவதில்லை. உங்களிடம் ஒரு படம் இருப்பதாகச் சித்தி எப்போதோ சொன்னாள். அனுப்பினால் சரிசெய்து பெரிதாக்கி வைப்பேன். பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து குவாபரா அம்மாவின் போட்டோக் கடையில் அந்த வேலைதான் பார்க்கிறேன். பின்னறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் போதும், யாரிடமும் பேச வேண்டாம். "இவ வாயைத் தொறந்தா அன்னைக்கு ஊருக்கே லீவு விடணும்" என்று குவாபரா அம்மா கிண்டல் செய்கிறார்.

உங்கள் மகள்
மிசுயே


யாயிசு
9 அக்டோபர்

மிசுயேவுக்கு அப்பா எழுதுவது.

முட்டி அப்படியேதான் இருக்கிறது. மழை வருவது எனக்கு முன்னால் அதற்குத் தெரிந்துவிடுகிறது.

படம் இதோடு வருகிறது. அம்மா மடியில் நீ ஒரு வயதுக் குழந்தை. திருப்பி அனுப்ப வேண்டாம், நான் அதை எடுத்துப் பார்ப்பதே இல்லை. உனக்கும் பதினேழு வயதாகிவிட்டது, சொல்லலாம். நீ பிறந்ததும் கரையிலேயே ஒரு வேலை தேடச் சொன்னாள் உன் அம்மா. கேட்காமல் கப்பலேறினேன். கேப்டவுன் துறைமுகத்துக்கு இந்தப் படம் வந்தது. கூட ஒரு வரி எழுத்து இல்லை. படத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், பார். புரிந்துகொண்டேன். ஊருக்கு வந்தபோது நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

நினைவு நாளுக்கு நான் வரவில்லை. சாவுக்கே வராதவன். நடுக்கடலில் இருந்தேன் என்பதெல்லாம் உன் சித்திக்கு ஒரு காரணமே இல்லை. எனக்கும்தான். வேளைக்குச் சாப்பிடு.

அப்பா


குஷிகினோ
17 அக்டோபர்

அன்புள்ள அப்பாவுக்கு,

படம் பத்திரமாக வந்தது. எனக்கு அம்மாவின் கைகள்தான் நினைவிருந்தன. இப்போது முகமும் கிடைத்தது.

இது பட்டுத்துணிபோல மேடுபள்ளம் வைத்த தாள். விரல்ரேகை படியாது என்று அந்தக் காலத்தில் இதில்தான் நிறையப் போட்டார்களாம். ஸ்கேன் செய்தால் ஒவ்வொரு மேடும் வெளிச்சத்தில் மினுங்கி, முகத்தில் உப்பைத் தூவினமாதிரி ஆகிவிடுகிறது. அதனால் படத்தை நான்கு திசையிலும் திருப்பிவைத்து எடுத்து, நான்கையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்தினேன். தாளின் மினுக்கம் திசைக்குத் திசை மாறும், அதனால் கழிந்துபோகும். படத்தில் இருப்பது மாறாது.

மினுக்கம் போய்விட்டது. ஆனால் இடது கன்னத்தில், முகம் திரும்பி மறைகிற ஓரத்தில், ஒரு புள்ளி நான்கிலும் நிற்கிறது. கறையா, மச்சமா? கறை என்றால் எடுத்துவிடலாம். மச்சம் என்றால் எடுக்கக் கூடாது. நான் யாரைக் கேட்பது? உங்களுக்குத் தெரியுமே.

நீங்கள் வரமாட்டேன் என்றதைச் சித்தியிடம் சொல்லவில்லை. இன்னும் நாள் இருக்கிறது.

மிசுயே


யாயிசு
22 அக்டோபர்

மிசுயேவுக்கு,

உன் அம்மாவுக்குக் கன்னத்தில் மச்சம் கிடையாது. அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். கப்பலில் ஏதாவது பட்டிருக்கும், கறைதான். எடுத்துவிடு. முகத்தை இந்தப் பக்கம் திருப்ப உன் கம்ப்யூட்டரால் முடியுமா? சும்மா கேட்டேன்.

நல்ல மாசிக் கருவாடு கிடைத்தது. ஒரு பொட்டலம் அனுப்பியிருக்கிறேன். சித்தியிடம் கொடு. நான் அனுப்பியதாகச் சொல்லாதே.

அப்பா


குஷிகினோ
1 நவம்பர்

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் எடுக்கச் சொன்னீர்கள். நான் எடுக்கவில்லை. "படத்துக்குச் சொந்தக்காரரே எடுக்கச் சொல்லிட்டாரு, உனக்கென்னடி வந்துச்சு?" என்றார் குவாபரா அம்மா. ஆனால் பெரிதாக்கிப் பார்த்தால் கறைபோல இல்லை. நடுவில் வெளுப்பு, ஓரத்தில் கருமை, மேலே பவுடர் அப்பினமாதிரி.

படத்தையும் மாசியையும் எடுத்துக்கொண்டு சித்தி வேலைசெய்யும் மீன்வடைக் கடைக்குப் போனேன். சித்தி எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்றாள்.

"மாசி யாரு அனுப்புனது?"

பொட்டலத்தை மேசைமேல் வைத்தேன்.

"வாயில என்ன கொழுக்கட்டையா? யாயிசுன்னு ஒட்டியிருக்கு, எனக்குப் படிக்கத் தெரியாதா?"

படத்தை நீட்டினேன். பார்த்ததும் அடுப்பை அணைத்துவிட்டாள். "அடக் கடவுளே, இது தெரியுதா! எவ்வளவு பவுடர் போட்டோம்!"

படம் எடுத்த அன்று காலையில் அம்மா கணவாய் பொரித்தாளாம். அது வெடித்து, எண்ணெய் தெறித்து, கன்னத்தில் கொப்புளம். ஸ்டுடியோவில் எனக்கு வேடிக்கை காட்டிச் சிரிக்கவைத்தது சித்திதானாம். படம் எடுப்பவரிடம் அம்மா சொன்னது சித்திக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது: "இந்தப் பக்கம் தெரியாம எடுங்க. அவர் அங்க கடல்ல உக்காந்துக்கிட்டு இதையே பாத்துப் பாத்துக் கவலைப்படுவாரு."

நீங்கள் ஊருக்கு வருவதற்குள் அது ஆறிப்போய்விட்டது.

கடிதம் ஏன் வைக்கவில்லை என்று கேட்டேன். "உங்கம்மாவா? மளிகைச் சீட்டுகூட என்னைத்தான் எழுதச் சொல்லுவா. எழுதறதுன்னா அவளுக்கு வேப்பங்காய்."

பிறகு உங்கள் கடிதத்தை, முகத்தைத் திருப்பிக்கொண்டாள் என்று எழுதியிருந்தீர்களே அதை, சத்தமாகப் படித்தேன். கடையில் ஆட்கள் இருந்தார்கள். இருந்தாலும் படித்தேன். சித்தி வெகுநேரம் கரண்டியையே துடைத்துக்கொண்டிருந்தாள். அப்புறம், "இத்தனை வருஷமா இதையா மனசுல வச்சுக்கிட்டு அலைஞ்சாரு? என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?" என்றாள்.

மாசிப் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை. "இது நல்லாயில்லைன்னு அத்தானுக்கு எழுது. நேர்ல வந்து வேற குடுக்கச் சொல்லு."

எழுதிவிட்டேன். புதிய படத்தின் சின்னப் பிரதி ஒன்றை உள்ளே வைத்திருக்கிறேன். புள்ளியை எடுக்க வேண்டுமானால் இப்போதும் எடுக்கலாம். நீங்கள் சொல்லுங்கள்.

மிசுயே


யாயிசு
7 நவம்பர்

மிசுயேவுக்கு,

புள்ளி இருக்கட்டும். தொடாதே.

20ஆம் தேதி சாயங்கால வண்டியில் வருகிறேன். வேறு மாசி வாங்கிவிட்டேன். ஸ்டேஷனுக்கு வராதே, குளிரும். வழி மறக்கவில்லை.

பழைய படத்தைத் திருப்பி அனுப்ப வேண்டாம் என்று எழுதியிருந்தேன். மாடத்துக்குப் பெரிய படம் போதும். பழையதை எனக்கு எடுத்துவை. திரும்பக் கப்பலேறும்போது வேண்டும்.

அப்பா