இரண்டு விரல் பிளே

சீரெஸ், ஆப்பிள் தோட்டம்

அன்புள்ள மாதபிசோ,

நீயும் தபிசோவும் மற்றப் பிள்ளைகளும் அம்மாவும் சுகமா? எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.

ஒரு வேடிக்கை கேள். நான் ஓட்டும் குட்டி டிராக்டரின் கிளட்ச் பெடல், பிடிப்பு வருமுன் இரண்டு விரல் அளவு சும்மா இறங்க வேண்டும்; அதைத்தான் பிளே என்பார்கள். மேஸ்திரி மொகெட்டி கையால் அழுத்திப் பார்த்தார். துளியும் பிளே இல்லை.

"இந்த மாசத்துல இது மூணாவது தடவ. பெடல் மேலயே கால வெச்சுக்கிட்டு ஓட்டுறியா?"

"பழக்கதோஷம் ஐயா."

"பழக்கமா? முட்டி வலியில கால எடுத்து எடுத்து வைக்க முடியலன்னு சொல்லு. கிளட்ச் பிளேட்டு பாதி தேஞ்சு போச்சுய்யா."

திங்கள் முதல் வேறு ஆள் ஓட்டுவான். அவனுக்காக நானே லாக் நட்டைத் தளர்த்தி, கம்பியைத் திருகி, இரண்டு விரல் பிளே வைத்துக் கொடுத்தேன். கச்சிதமாக இருக்கிறது.

பக்கத்துத் தோட்டங்களிலும் வேலை கேட்டுப் பார்த்தேன். எல்லோரும் முதலில் நடந்து காட்டச் சொல்கிறார்கள்.

கடிதம் கொண்டுவரும் டிரைவர் ஹார்ன் அடிக்கிறார். அடுத்த வெள்ளிக்கிழமை வருகிறேன். கையில் ஒரு போர்வைதான் இருக்கும். ஆனாலும் பஸ் நிற்கும் இடத்துக்குக் குதிரையைக் கூட்டி வா. யாராவது கேட்டால், மூட்டை கனம் என்று சொல்.

தபிசோவின் அப்பா