கூடுதலாக ஒரு ரூபாய்

மந்தாரக்குப்பம்,
வியாழக்கிழமை.

அன்புத் தங்கை அகிலாவுக்கு,

அக்கா பொற்கொடி எழுதுகிறேன். கோயம்புத்தூரில் நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. கை வரவில்லை.

திங்கட்கிழமையிலிருந்து ஒன்பது தடவை போன் செய்துவிட்டாய். வேண்டுமென்றுதான் எடுக்கவில்லை. உன் குரலைக் கேட்டால் பொய் சொல்லிவிடுவேன் என்று எனக்கே தெரியும். காகிதத்தில் என்றால் நடுவில் நீ குறுக்கே பேச மாட்டாய், நானும் மழுப்ப முடியாது.

டெண்டர் நமக்குக் கிடைக்கவில்லை. ஆறு வருடமாக நாங்கள் பன்னிரண்டு பேரும் கூட்டித் துடைத்த அந்தச் சுரங்கக் கம்பெனி டவுன்ஷிப் ஹாஸ்டலை வருகிற ஒன்றாம் தேதியிலிருந்து வெளியூர்க்காரர் ஒருவர் எடுத்துக்கொள்கிறார். ஆட்களையும் அவரே கூட்டிவருகிறாராம். முப்பதாம் தேதி சாயங்காலம் கேட் பாஸை எல்லாம் ஒப்படைக்கச் சொல்லிவிட்டார்கள்.

நீ எழுதிக் கொடுத்ததில் ஒரு குறையும் இல்லை, அகிலா. ஏழு பேர் போட்டதில் நாலு பேருடையது காகிதம் சரியில்லை என்று முதலிலேயே கழிந்துபோனது. நம்முடையது தாண்டியது. தாண்டாமல் இருக்குமா? பதினைந்து நாள் ஆபீஸ் விட்டு வந்து உட்கார்ந்து எழுதினாயே. யாருக்கு எத்தனை வருட அனுபவம், எந்த மாடியை யார் பார்க்கிறார்கள், வார்டன் கொடுத்த சான்று எல்லாம் வரிசையாக வைத்திருந்தாய். நைட் ஷிப்ட் முடித்து வந்த பிள்ளைகள் தூங்குவார்கள் என்று கிழக்கு வராந்தாவை மத்தியானத்துக்குமேல்தான் கூட்டுவோம் என்பதைக்கூடக் கேட்டு எழுதியிருந்தாய். அதைப் படித்துக் காட்டினபோது கலியம்மாள் வாயைப் பிளந்து, “நம்ம செய்யறது இம்மாம் பெரிய வேலையாடி?” என்று கேட்டாள். அன்றைக்கு முழுவதும் அவள் நடையே வேறாக இருந்தது.

கெடுத்தவள் நான்.

கூலி அரசாங்கம் நிர்ணயித்தது, அதில் யாரும் கைவைக்க முடியாது. நம் குழுவுக்கான சர்வீஸ் தொகை மட்டும்தான் நாம் போடுவது. அதற்கும் அடிமட்டத் தொகை பன்னிரண்டாயிரத்து நானூறு, அதற்குக் கீழே போட்டால் செல்லாது என்று கம்பெனிக்காரர்களே சொல்லியிருக்கிறார்கள், குறைந்த தொகைக்குத்தான் வேலை என்பதால் எல்லோரும் அதையேதான் போடுவார்கள் என்று நீ எத்தனை முறை சொன்னாய். தொகை சமமாக வந்தால் உள்ளூர்ப் பெண்கள் குழுவுக்கு முதலிடம் என்று டெண்டர் காகிதத்தின் பதினேழாம் பக்கத்தில் இருப்பதையும் சொன்னாய். நானும் உம் உம் என்று கேட்டுக்கொண்டேன். என் காதில் ஏறியது அவ்வளவுதான்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிற செல்வகுமார்தான் எல்லாவற்றையும் ஏற்றினான். கடைசியாகத் தொகையை அடித்து, சரியா பாருங்க என்று திரையைத் திருப்பினான். நானூறு என்று இரண்டு பூஜ்யத்தில் முடிந்து நின்றது. எனக்குப் பகீரென்றது. கல்யாணத்துக்கு நூறு ரூபாய் மொய் வைத்தாலும் கூட ஒரு ரூபாய் சேர்க்காமல் வைத்ததில்லையே நாம். பன்னிரண்டு பேர் பிழைப்பைப் பூஜ்யத்தில் முடிக்க மனசு வரவில்லை. ஒன்று சேர்த்துப் போடு தம்பி என்றேன். “இன்னாக்கா, மொய்யா எழுதிகினு இருக்கறோம்?” என்று சிரித்தான். நல்ல காரியம், சொன்னதைச் செய் என்று அதட்டினேன். போட்டுவிட்டான். அப்புறம் நீ போனில் கேட்டபோது, நீ சொன்ன மாதிரியேதான் போட்டோம் என்றேன். ஒரு ரூபாயைத் தொகை என்றே நான் நினைக்கவில்லை, அகிலா. சத்தியமாக நினைக்கவில்லை.

மற்ற இரண்டு பேரும் சரியாகப் பன்னிரண்டாயிரத்து நானூறு. அவர்கள் இருவருக்குள் சீட்டுக் குலுக்கி ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். நானூறு என்றே விட்டிருந்தால் குலுக்கலே கிடையாது, வேலை நமக்குத்தான். ஆபீஸில் போய்க் கேட்டுப் பார்த்தேன். அழாத குறை. போட்டது போட்டதுதான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவர்கள் மேல் தப்பு இல்லை.

செய்தி வந்த அன்று எல்லோரும் ஹாஸ்டல் பின்வாசலில் உட்கார்ந்திருந்தோம். கலியம்மாள் நிலம் சுரங்கத்துக்குப் போனது உனக்குத் தெரியும். “நெலம் போனப்பகூட நா அழுவல. கையில தொடப்பம் இருந்துச்சி” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து எங்கள் குழுத் தலைவி வீரம்மாள் என் பக்கம் திரும்பி, உன் தங்கச்சி எழுதினதில் ஏதாவது விட்டுப்போச்சா என்று கேட்டாள்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அவ்வளவுதான் செய்தேன். ஆமாம் என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பதினோரு பேரும் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்கள். இன்றோடு நாலு நாள். உன் பெயரை நான் விற்றுத் தின்றுகொண்டிருக்கிறேன். திட்டினாலாவது ஆத்திரத்தில் உண்மையைக் கக்கியிருப்பேன். ஒருத்தியும் திட்டவில்லை. “சின்னப் பொண்ணு, தெரியாம வுட்டுட்டிருக்கும். நீ அத போன்ல ஏதும் கேட்டுகினு இருக்காத” என்று எனக்கே புத்தி சொல்கிறார்கள்.

நேற்று வீரம்மாள் பண்ருட்டிக்குப் போய்வந்தாள். டெண்டர் கிடைத்தால் உனக்கு அனுப்ப ஒரு கிலோ முந்திரிப்பருப்பு என்று முன்பே பேசி வைத்திருந்தார்களாம். கிடைக்காவிட்டால் என்ன, அந்தப் பொண்ணு பட்ட பாடு பாடுதானே என்று வாங்கிவந்து என் கையில் கொடுத்துவிட்டாள். இந்தக் கடிதத்தோடு வருவது அதுதான். அதைக் கையில் வாங்கினபோது செத்துப்போகலாம் போல இருந்தது. பயப்படாதே, அப்படி எதுவும் செய்ய மாட்டேன். உன் மாமாவுக்கும் இன்னும் கான்ட்ராக்ட் வேலைதான். என் சம்பளமும் இல்லையென்றால் வீடு எப்படி ஓடும் என்று கவலையில் இருக்கிறார். அவரிடமும் சொல்லவில்லை.

மூன்று தடவை வீரம்மாள் வீட்டு வாசல்வரை போனேன். அடுத்த மாதம் என்ன செய்வது என்று உள்ளே பேசிக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்துவிட்டேன். என் வாயால் வராது, அகிலா. நாற்பத்தாறு வயதில் இப்படி ஒரு கோழை என்று தெரிந்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவள் வீட்டில் எல்லோரும் கூடுகிறோம். அந்த நேரத்துக்கு நீ வீரம்மாளுக்குப் போன் செய். ஸ்பீக்கரில் போடச் சொல். நான் எழுதியதை அப்படியே சொல்லிவிடு, எனக்காக எதையும் குறைக்காதே. நானும் அங்கேதான் இருப்பேன். எழுந்து போக மாட்டேன்.

நீ நூறு வருஷம் நல்லா இருக்கணும்.

உன் அக்கா,
பொற்கொடி.