காலிக் கட்டத்தில் நலம்

மார்ச் 3, காலை 6.10
சிறுகோள் நிலையம். பதிவு: அருளப்பன், தரவுத்தளப் பொறியாளர். இங்கே இருக்கும் ஒரே ஆள்.
ஆறு மணி அறிக்கை பூமிக்குப் போய்விட்டது: காற்றழுத்தம் சரி, வெப்பம் சரி, பணியாளர் நலம். தரவுத்தளமே அளவெடுக்கிறது, அதுவே மெயில் எழுதுகிறது, அதுவே அனுப்புகிறது. எனக்கு வேலை காபி குடிப்பதுதான்.

மார்ச் 4, பகல் 11.40
விண்கல் தாக்கியது. தொடர்பு அறையில் ஓட்டை. காற்றெல்லாம் வெளியேறி, கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. குரல் அனுப்பும் கருவி சுக்குநூறு; மெயில் அனுப்பும் கருவி மட்டும் தப்பியது. நான் சமையலறையில் இருக்கிறேன். ஒரு கணினி, ஒரு ஒலிபெருக்கி. பூமி பேசுவது கேட்கும், நான் பேச முடியாது. இங்கேயும் மெல்லக் கசிகிறது.
நாளை மறுநாள் மதியம் சரக்குக் கப்பல் இந்தப் பக்கம் கடக்கிறது. பூமி சொன்னால்தான் என்னை ஏற்றத் திரும்பும். பயமில்லை. காலை அறிக்கையைப் பார்த்தால் அவர்களுக்கே புரிந்துவிடும்.

மார்ச் 5, காலை 6.30
புரியவில்லை. தரை நிலையத்திலிருந்து பாத்திமாவின் குரல்:
"அண்ணே, ரிப்போர்ட் வந்துட்டு. எல்லாம் நலம்னு போட்டிருக்கு, சந்தோசம். ஆனா நேத்துலேர்ந்து ஒரு வார்த்த பேசமாட்டேங்கியளே, எம்மேல கோவமா?"
தலையில் அடித்துக்கொண்டேன். உணரிக் கம்பி அறுந்துபோய் அளவு எதுவும் பதிவாகவில்லை. கட்டம் காலியாக இருந்தால் முந்தைய நாள் மதிப்பை நிரப்பு என்று எந்தப் புண்ணியவானோ விதி எழுதிவைத்திருக்கிறான். பழைய நலத்தையே அது திரும்பத் திரும்ப அனுப்புகிறது.

மார்ச் 5, மாலை 4.20
விதியை மாற்றப் பார்த்தேன். கடவுச்சொல் பூமியில். அட்டவணையில் கையால் எழுதினேன். ஏற்கவில்லை. கடைசியில் நானே தனியாக ஒரு மெயில் எழுதினேன்: "காற்று கசிகிறது. கப்பலைத் திருப்புங்கள்." அது நகரவே இல்லை.
இப்போதுதான் காரணம் தெரிந்தது. இயந்திரம் எழுதினால் நேராகப் போகும். மனிதன் எழுதினால் மட்டும் ஒரு கேள்வி: "உங்கள் பெயரில் மெயில் வெளியேற முயல்கிறது. அனுமதிக்கலாமா?" கேள்வி நிற்பது தொடர்பு அறையின் திரையில். காற்றில்லாத அறையில்.
விண்ணுடை இருக்கிறது. அந்தக் கதவைத் திறந்தால் சமையலறைக் காற்றும் போய்விடும். அப்புறம் சிலிண்டர் மட்டும்தான். கப்பல் வரும் வரை இழுத்துப்பிடித்தால் தாங்கும். உடையை மாட்டுகிறேன்.

மார்ச் 5, மாலை 6.05
திறந்தேன். அழுத்தினேன். "அனுப்பப்பட்டது." உடைக்குள்ளேயே அழுதேன், துடைக்க வழியில்லை. பூமியின் குரலை உடையின் காதுக்கு மாற்றிவிட்டேன். கையுறையோடு தட்டுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.
பாத்திமா, பார். சீக்கிரம் பார்.

மார்ச் 6, காலை 6.20
"அண்ணே, நேத்து உங்க பேர்ல எவனோ மெயில் விட்டிருக்கான். காத்து கசியுதாம், கப்பலத் திருப்பணுமாம். எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. காலைல ஆறு மணி ரிப்போர்ட்டப் பாத்தப்புறந்தான் உசுரே வந்துச்சு. எல்லாம் நலம்னு இருக்கு. அந்த மெயிலப் போலின்னு முடக்கியாச்சுண்ணே. இனிமே அப்படி எது வந்தாலும் இங்க நுழையாது. நீங்க நிம்மதியா இருங்க."

மார்ச் 6, மதியம்
இல்லை பாத்திமா அது நான்தான் நான்
கப்பலின் விளக்கு ஜன்னலில். நேராகப் போகிறது. திரும்பவில்

மார்ச் 7, காலை 6.00
பதிவு செய்தவர்: காலி. முந்தைய மதிப்பு நிரப்பப்பட்டது: அருளப்பன்.
காற்றழுத்தம் சரி. வெப்பம் சரி. பணியாளர் நலம்.
அனுப்பப்பட்டது.