கலவைத் தொட்டி ஓய்ந்த நாள்

ஆவணி 31, செவ்வாய்.

விடியலிலிருந்து மழை. டைமண்ட் ஹார்பர் சாலையில் முழங்கால் நீர். பால் வரவில்லை. பாசுரம் பாதியில் நின்றது. கீழ்த்தளத்துப் பட்டறையில் வசந்தியின் குரல் உயர்ந்துவிட்டது.

என் மகளுக்கும் பட்டறை ஆள் நிமாய்க்கும் வழக்கு. வழக்கின் பொருள் அந்தக் கலவை இயந்திரம். இரட்டைச் சுவர் உருளைத் தொட்டி, சுவர்களின் நடுவே வெந்நீர், உள்ளே இரும்புத் துடுப்பு. கோகோவும் சர்க்கரையும் அதில் நாள் கணக்கில் சுழன்றால்தான் புளிப்பு நீங்கிச் சாக்லேட் நாவில் கரையும் என்பாள். நேற்றுத்தான் தொட்டி நிறைய இட்டாள். நாளையோ விசுவகர்மா பூசை, கருவிகளுக்கெல்லாம் ஓய்வு நாள்.

"திதி, நாளைக்கு ரிக்‌ஷாக்காரன்கூட வண்டியைக் கழுவி நிறுத்திடுவான். நம்ம மெஷின் மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?"

"கரியாஹாட் கடைக்காரர் சனிக்கிழமை சரக்கு கேக்கறார். பூஜா சீசன், நிமாய். உங்க சாமி வந்து டெலிவரி பண்ணுவாரா?"

"பண்ணுவார். சைக்கிள் குடுத்தா."

பொட்டலம் கட்டும் பெண்கள் சிரித்தனர். வசந்தியும்.

முடிவு: துடுப்பு நிற்கலாம். வெந்நீர் ஹீட்டர் அணையக் கூடாது. சூடு போனால் உள்ளிருப்பது பாறை.

"ஹீட்டர்ல கை வைக்காதே. கேட்டுச்சா?"

"சரி, திதி."

எட்டு ஆண்டுகளாக எங்களிடம் இருப்பவன். தமிழ் இங்கேயே கற்றான். வசந்தி அவனுக்குத் திதி, அதாவது அக்கா. என்னை ஜெட்டு என்பான். தந்தைக்கு மூத்தவர் என்று பொருள்.

புரட்டாசி 1, புதன்.

வெயில். எங்கள் பெஹாலா முழுவதும் மாடிகளில் கூச்சல், வானில் காற்றாடிகள்.

வசந்தி வியாபாரப் பேச்சுக்காக சால்ட் லேக் சென்றாள். பூசைக்கு நானும் நிமாயும் மட்டுமே. தொட்டியைத் துடைத்துச் சந்தனம் இட்டான். பழம், கிச்சடி, ஊதுவத்தி. அவன் வணங்கும் முறை எனக்கு உவப்பு. கண்ணை மூடினால் முகம் குழந்தையின் முகம்.

ஆரத்தி முடிந்ததும் மெயின் சுவிட்சையே கீழே இழுத்துவிட்டு, அதன் மேல் செம்பருத்தி மாலையைத் தொங்கவிட்டான். வெந்நீரின் முணுமுணுப்பு அடங்கியது.

என்னைப் பார்த்தான். "தீயும் ஓயட்டும், ஜெட்டு. ஒரு நாள்தானே."

வசந்தி சொன்னது எனக்கும் தெரியும். ஆயினும், ஓய்வு கொடுத்துவிட்டு உள்ளே நெருப்பை மட்டும் வேலை வாங்குவது அரைகுறை வழிபாடு என்றே பட்டது. ஒன்றும் சொல்லாமல் மேலே வந்தேன். மாலை, வசந்திக்குத் தலைவலி. கீழே போகாமல் படுத்துவிட்டாள்.

புரட்டாசி 2, வியாழன்.

பொறுத்து எழுத வேண்டும்.

நிமாய் விடியுமுன் வந்து சுவிட்சைப் போட்டிருக்கிறான். ஒன்பது மணி அளவில் நான் இறங்கியபோது தொட்டியின் விளிம்பை ஒட்டிய சாக்லேட் உருகி மேலே பளபளவென்று நீர் போல் நின்றது. அடியில் அத்தனையும் இறுகிக் கிடந்தது. வசந்தி பார்ப்பதற்குள் இளக்கிவிட எண்ணம் அவனுக்கு. துடுப்பை ஓடவிட்டான். அசையவில்லை, மோட்டார் முனகியது. அணைக்காமலே, கோகோ இடும் வாய் வழியாக மரக்கரண்டியை விட்டு நெம்பினான்.

"நிமாய், நிறுத்திவிட்டுச் செய்."

"இதோ ஜெட்டு, விட்டுடுச்சு..."

கட்டி விட்டுக்கொடுத்தது. துடுப்பு ஒரே வீச்சில் சுழன்றது. கரண்டியோடு கையும்.

முழங்கை வரை சாக்லேட் அப்பியிருந்ததால் குருதி எது என்று தெரியவில்லை. துணியைப் பிழிந்தபோதுதான் சிவப்பு. அவன் அலறவில்லை. "திதிகிட்ட சொல்லாதீங்க" என்றான். வசந்தி அதற்குள் இறங்கி வந்து அவனுக்குப் பின்னால்தான் நின்றிருந்தாள்.

வலக்கையில் சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் இல்லை. தொட்டியில் இருந்தது முழுதும் வெளியே கொட்டப்பட்டது. வீடெல்லாம் அந்த இனிப்பு மணம்.

புரட்டாசி 3, வெள்ளி.

மீண்டும் மழை. மருத்துவமனை. நிமாய் மயக்க மருந்தில்.

நடைவழியில் அவன் மனைவி ஷெஃபாலி என் காலைப் பற்றினாள். காப்பீட்டு ஆள் நாளை வருகிறானாம். முதலாளி சொல்லை மீறி ஹீட்டரை அணைத்தான் என்று எழுதிவிட்டால் இழப்பீடு கிடைக்காது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பார்த்த சாட்சி நான் ஒருவனே.

"கரண்ட் போச்சுன்னு சொல்லுங்க ஜெட்டு. பெஹாலாவில் கரண்ட் போறது அதிசயமா? உங்க வார்த்தையை யாரும் திருப்பிக் கேக்க மாட்டாங்க."

ஆம். கேட்க மாட்டார்கள். அதற்காகத்தானே இத்தனை ஆண்டு பொய் படாமல் நாவைக் காத்தேன்!

வசந்தியிடம் சொன்னேன். பாத்திரம் கழுவியவாறே பதில்: "அணைக்காதேன்னு நான் சொன்னேன். அதைக் கேட்டா மறைக்க மாட்டேன். அதுக்கு மேல நான் பாக்கல. நீங்க பாத்தீங்க. உங்க இஷ்டம்."

அறநூல்கள் இத்தகைய இடத்துக்கு வழி வைத்திருக்கின்றன. கூட்டங்களில் நானே விளக்கியிருக்கிறேன், கைதட்டலும் பெற்றிருக்கிறேன். இன்று அவ்வழி கைக்குச் சிக்கவில்லை. நூல்கள் வைத்த பெட்டியை மூடினேன்.

புரட்டாசி 4, சனி.

மாதத்தின் முதல் சனி. நோன்பு. திருமண் இட்டுக்கொண்டு பட்டறையில் அமர்ந்தேன்.

காப்பீட்டு ஆள் இளைஞன், பணிவானவன். தொட்டியை, சுவிட்சை, வாடிய மாலையைப் படம் எடுத்தான். வசந்தி தான் சொன்னதைச் சொன்னாள். பிறகு என் முறை.

"நீங்கள் அருகில் இருந்தீர்கள். யார் அணைத்தது?"

"யாரும் அணைக்கவில்லை. மின்சாரம் போயிற்று."

குரல் நடுங்கவில்லை. அதுதான் எனக்கு அச்சம்.

அவன் தாளைத் திருப்பினான். காலையிலேயே மருத்துவமனைக்குப் போய் வந்திருக்கிறான். நிமாய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்: சுவிட்சை இழுத்தது தானே, திதி வேண்டாமென்றும் இழுத்தது, ஜெட்டு தடுக்கவில்லை என்றும். கீழே இடக்கைப் பெருவிரல் ரேகை.

"வயதில் மறதி வரும், சார்," என்றான். ஏளனம் இல்லை. "ஆனால் இரண்டு வாக்குமூலம் மாறுபடுகிறது. நான் அப்படியே எழுதத்தான் வேண்டும். ஜோடித்த வழக்கு என்று மேலே நினைப்பார்கள்."

அவன் போன பின் வசந்தி என் பக்கம் திரும்பவில்லை.

"நீங்களா, அப்பா," என்றாள். அவ்வளவே.

புரட்டாசி 5, ஞாயிறு. மகாளய அமாவாசை.

வேண்டியவை: எள், தர்ப்பை, மாற்று வேட்டி, நிமாய்க்கு இரண்டு ஆரஞ்சு.

கங்கைக் கரையில் இடுப்பளவு நீரில் ஊரே நின்றது. தந்தை, பாட்டனார், முப்பாட்டனார் பெயர் சொல்லி நீர் விட்டேன். அந்தப் பெயர்களை இந்த நாவால்.

அங்கிருந்தே மருத்துவமனை. நிமாய் உட்கார்ந்திருந்தான். கட்டுத் துணியிலும் கோகோ மணம். நேற்று நான் சொன்னது இன்னும் அவன் காதுக்கு எட்டவில்லை.

"ஷெஃபாலியைத் திட்டினேன், ஜெட்டு. உங்களைப் போய்ப் பொய் சொல்லக் கேட்டாளே! அதான் முந்திக்கிட்டு நானே சொல்லிட்டேன். வந்தது வரட்டும்."

ஆரஞ்சை உரித்துக் கொடுத்தேன். உண்ணவில்லை. என் நெற்றியையும் ஈர வேட்டியையும் பார்த்தான்.

"ஜல் குடுத்துட்டு வரீங்களா? வருஷா வருஷம் இன்னிக்கு நானும் எங்க அப்பாவுக்குக் குடுப்பேன்." கட்டுப்போட்ட கையைச் சற்றே உயர்த்தினான். "கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவுலதானே தண்ணி இறங்கணும்? விரல் இல்லாத கையால விட்டா போய்ச் சேருமா, ஜெட்டு? நீங்க படிச்சவங்க."

எங்கும் படித்ததில்லை. ஒரு வரிகூட நினைவில் எழவில்லை.

"சேரும்," என்றேன்.

"சாஸ்திரத்துல இருக்கா?"

இருக்கிறது என்றேன்.