இரண்டு வீட்டுக்கு ஒரே செய்தி

காக்கா,

ஸலாம் சொல்லித்தான் தொடங்குகிறேன். நீங்கள் இருந்தவரை, தங்கச்சி என்ற உரிமையில் உங்களிடம் நேராகக் கேட்க முடியாத கேள்வி எதுவும் எனக்கு இருந்ததில்லை. இப்போது இருக்கிறது, கேட்கத்தான் ஆளைக் காணோம்.

உம்மா நன்றாக இருக்கிறார். முட்டி வலி மட்டும் விடவில்லை. புதுச் செய்தி என்னவென்றால், உங்கள் செயலி இப்போது என் கையில் இருக்கிறது. துபாயில் வேலை முடிந்து அறைக்கு வந்த பிறகு, நம் ஊர்ச் சங்கத்துக்காக உட்கார்ந்து எழுதினீர்களே, அதுதான். அங்கே இருக்கும் கீழக்கரைக்காரர் ஒருவருக்கு நோய், விபத்து, மவுத் என்று, சாவு வரைக்கும் எது நடந்தாலும் சங்கத்தார் அதில் பதிவார்கள், இங்கே வீட்டுக்குச் செய்தி வந்துவிடும். இப்போது ஏர்வாடிக்காரர்களும் தங்களைச் சேர்க்கச் சொல்கிறார்கள். "ஒங்க காக்கா எழுதுனது, ஒங்களுக்குத்தான் வெளங்கும்" என்று சங்கத்தார் என் தலையில் கட்டிவிட்டார்கள்.

எங்கே விளங்கியது? ஃபோன் எண் சரிதானா என்று பார்ப்பது ஒரே ஒரு வேலை. அதை ஓரிடத்தில் எழுதிவிட்டு, வேண்டும்போது அங்கிருந்து கூப்பிட்டுக்கொள்ளலாம். நீங்களோ நோய்க்கு ஒன்று, விபத்துக்கு ஒன்று, மவுத்துக்கு ஒன்று என்று நகலெடுத்து நகலெடுத்து ஒட்டியிருக்கிறீர்கள். நகலாகவாவது இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. ஒன்றில் சவூதி எண்ணை ஏற்கிறது, இன்னொன்றில் தள்ளிவிடுகிறது. எது நீங்கள் யோசித்துச் செய்தது, எது மறந்தது?

என் புத்தி உங்களுக்குத் தெரியும். "இவ அடுப்புல பால் பொங்குனாலும் யாரு ஊதிவிட்டதுன்னு கேப்பா" என்று கிண்டல் செய்தவர் நீங்கள்தான். அந்தப் புத்தியோடுதான் உங்கள் நிரலை வரி வரியாகப் படித்தேன். ஒரு வரியையும் நம்பவில்லை.

ராமநாதபுரத்தில் என்னோடு நிரல் எழுதும் வேலை பார்க்கும் செல்வி துணைக்கு உட்கார்ந்தாள். சிக்கல் ஊர்க்காரி, வெடுக்கென்று பேசுவாள். எண் பார்ப்பது, தேதி எழுதுவது, பெயர் தேடுவது எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சுருக்கினோம். திரையில் பக்கம் பக்கமாக ஓடியது கைக்கு அடங்கத் தொடங்கியது. கடைசியில் மவுத் செய்தி அனுப்பும் இடத்துக்கு வந்தோம். அங்கேயும் இரண்டு நகல் இருந்தது. ஒன்று தாய் வீட்டுக்கு, மற்றது மனைவி வீட்டுக்கு.

"ஒரு ஆளுக்கு எதுக்குடி ரெண்டு வீடு?" என்றாள் செல்வி.

கல்யாணம் ஆனதும் எங்கள் ஊரில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போய்விடுவார் என்று சொன்னேன். பெற்றவள் ஒரு வீட்டில் இருப்பாள், கட்டியவள் ஒரு வீட்டில் இருப்பாள்.

"அது சரி. எங்க பக்கம் பொம்பளதான் பொட்டியத் தூக்கிட்டுப் போவா" என்று சிரித்துவிட்டு, "ரெண்டும் ஒண்ணு மாதிரித்தான் இருக்கு. ஒண்ணத் தூக்கிட்டு வேலைய முடி" என்றாள்.

'மாதிரி' என்றாலே எனக்கு ஆகாது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

அதைச் சொல்வதற்கு முன்னால், நீங்கள் போன அன்று இங்கே நடந்தது உங்களுக்குத் தெரிய வேண்டும். ஹனீபா மாமா மத்தியானத்துக்கு மேல் வந்தார். தண்ணீர் கேட்டார், குடிக்கவில்லை. உம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். ராமநாதபுரத்துக்கு ஏதோ வேலையாகப் போனவர் பாதியில் பஸ் பிடித்துத் திரும்பி வந்திருந்தார். "சொல்லச் சொன்னாங்க, வந்தேன்" என்றார். யார் சொன்னார்கள் என்று கேட்கும் நிலையில் நாங்கள் இல்லை.

ஊரின் அந்தக் கோடியில் இருக்கிற மதினி வீட்டுக்கு ஓடினோம். அங்கே பாய் விரித்து, ஆள் கூடி, யாசீன் ஓதிக்கொண்டிருந்தார்கள். காலையிலேயே தெரிந்திருக்கிறது. உங்கள் மனைவிக்குக் காலையில் தெரிந்தது, உங்களைப் பெற்றவளுக்கு மத்தியானம் தெரிந்தது. வழியில் பார்த்தவர்களும் வாயைத் திறக்கவில்லை. இதைப் போய் யார் முதலில் சொல்வார்கள்?

"பெத்தவளுக்குக் கடைசியாத்தான் தெரியணுமோ?" என்று உம்மா மதினியின் முகத்தைப் பார்த்துக் கேட்டார். மதினி எழுந்து உம்மாவுக்குப் பாயில் இடம் விட்டார். அதற்குப் பிறகு உம்மா அந்த வாசலை மிதிக்கவில்லை. பெருநாளைக்கு அங்கிருந்து வந்த சட்டியைத் திறந்தும் பார்க்காமல் திருப்பி அனுப்பினார். நான் இன்னும் மோசம். உங்கள் சாவில் ஏதோ இருக்கிறது, அதை மறைக்கத்தான் இவர்கள் நேரம் எடுத்துக்கொண்டார்கள் என்று நினைத்தேன். மதினி சாதாரணமாக 'வாங்க' என்றால்கூட அதற்குள் எதையோ தேடினேன்.

இப்போது உங்கள் நிரலுக்கு வருகிறேன். தாய் வீட்டுக்கான நகல் அந்த வீட்டுக்குச் செய்தி அனுப்புவதே இல்லை. உறவில் ஒருவருக்கு அனுப்புகிறது. அவர் நேரில் போய், சொல்லிவிட்டேன் என்று அழுத்தும்வரை வீட்டு எண்ணைத் தொடுவதில்லை. நம் வீட்டுக்கு நீங்கள் பதிந்து வைத்திருந்த பெயர் ஹனீபா மாமா. மனைவி வீட்டுக்கான நகல் நேராக மனைவியின் ஃபோனுக்குப் போகிறது. அதன் அடியில் ஒரு வரி: தாயார் வீட்டுக்கு ஆள் போகிறார், அவர் சொல்லும்வரை தயவுசெய்து அங்கே பேச வேண்டாம்.

அந்த வரியை எழுதியது நீங்கள். மதினி அதற்குக் கீழ்ப்படிந்திருக்கிறார், அவ்வளவுதான்.

செல்வி என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து போனாள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. ஒரு நகலைத் திருத்திவிட்டு மற்றதை மறப்பது எங்கள் தொழிலில் தினம் நடப்பது. ஆனால் நீங்கள் மறந்தீர்கள் என்று சொல்ல வழியில்லை. அந்த இரண்டாவது இடத்தையும் திறந்திருக்கிறீர்கள். திறந்து, உம்மாவுக்காக ஒரு வரி சேர்த்துவிட்டு மூடியிருக்கிறீர்கள். மதினிக்கு ஓர் ஆளை அனுப்ப வேண்டும் என்று ஏன் தோன்றவில்லை? அவர் தாங்கிக்கொள்வார் என்று யார் சொன்னது உங்களுக்கு?

அன்றே சாயங்காலம் மதினி வீட்டுக்குப் போனேன். மர்யம் கதவைத் திறந்தாள். உங்கள் மகள் வளர்ந்துவிட்டாள், உங்கள் நெற்றி அப்படியே இருக்கிறது. மதினி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் சுற்றி வளைக்கவில்லை. அந்த வரியைச் சொன்னேன்.

"தெரியும்மா" என்றார். "லீவுல வந்தப்ப எங்கிட்ட வாசிச்சுக் காட்டுனாங்க. ஒரு உம்மா மெசேஜப் பாத்துட்டு விழுந்துட்டாங்களாம், அதுக்காக மாத்துனேன்னு சொன்னாங்க."

"அப்ப ஏன் மதினி அன்னைக்கே சொல்லல? உம்மா அம்புட்டுப் பேரு முன்னால கேட்டாங்களே."

மதினி கீரையிலிருந்து கையை எடுக்கவில்லை. "சொன்னா மாமிக்கு அவங்க மேல வருத்தம் வந்துரும். மவுத்தாப் போனவங்க மேல எதுக்கு? எம் மேல இருந்தா இருந்துட்டுப் போகுது. நான் இருக்கேன்ல."

"ஒங்களுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"நான் கொல்லையில துணி தொவைச்சுக்கிட்டு இருந்தேன். கை ஈரமா இருந்துச்சு. வாசி மான்னு சொன்னேன்" என்று மர்யம் இருந்த பக்கம் தலையை அசைத்தார். "அவதான் வாசிச்சா."

காக்கா, உங்கள் மவுத்தை உங்கள் பிள்ளை எழுத்துக் கூட்டி வாசித்திருக்கிறாள்.

அந்த இரண்டு நகலையும் ஒன்றாக்கிவிட்டேன். எந்த வீடாக இருந்தாலும் முதலில் ஓர் ஆள் போவார், பக்கத்தில் உட்காருவார், சொல்வார். அதற்குப் பிறகுதான் ஃபோன் பேசும். ஒன்றாக்கினால் ஒரு பிழை இரண்டு வீட்டையும் கெடுத்துவிடுமே என்று செல்வி பயந்தாள். ஒன்றாக இருந்து கெட்டால் ஊரே கத்தும், உடனே தெரியும். தனித்தனியாக இருந்து ஒன்று கெட்டதால்தான் இத்தனை நாள் யாருக்கும் தெரியவில்லை. ஆனாலும் நம்பிவிடவில்லை, மறுபடி மறுபடி ஓட்டிப் பார்க்கிறேன். பேச வேண்டாம் என்ற அந்த வரியை அழித்துவிட்டேன்.

அன்று அங்கிருந்து கிளம்பும்போது மதினி என் கையைப் பிடித்து, "மாமிட்ட சொல்லிறாத" என்று கேட்டுக்கொண்டார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். அது பொய். நாளைக்கு மத்தியானம் லுஹர் தொழுகை முடிந்ததும் உம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன், மர்யம் வாசித்தது வரைக்கும். பிறகு உம்மாவை ஆட்டோவில் ஏற்றி மதினி வீட்டு வாசலில் கொண்டுபோய் இறக்குவேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு. உம்மாவுக்குக் கோபம் வரும், நிச்சயம் வரும். உங்களுக்குச் சேர வேண்டிய கோபத்தை இதுவரை மதினி வாங்கிக்கொண்டிருந்தார். இனிமேல் நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள், காக்கா.

அந்தக் கோபத்தில் பாதிப் பங்குள்ள உங்கள் தங்கச்சி,
நஸ்ரின்